தண்டலுக்கு ஒரு பங்கு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்துக்கும் எனக்கும் ஆகாது. பத்தாவது படிக்கும்போது என் கட்டுரையைப் படித்த தமிழய்யா, "நீ பேசுறதோட நிறுத்திக்க தம்பி, தமிழ் பொழச்சிப் போவட்டும்" என்று கைகூப்பினார். பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று நான் படிப்பையே நிறுத்திக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு. யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ அவர், "என் பேரு மட்டும் அதுல வந்துச்சி, கைய முறிச்சி வெச்சிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பிடியில் சிக்கிய கைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ஆனால் யாசின் விடவில்லை. யாசின் பரங்கிப்பேட்டைக்காரன். எங்கள் கபடி அணியில் மூலையில் நின்று கால் பிடிப்பவன். இப்போது ஷார்ஜாவில் ஒரு கடையில் நின்று கணக்குப் பார்க்கிறான். "பேரு எதுக்குடா, ஆள எழுது. இங்க குப்பூஸ் ரொட்டிய பிச்சிப் போட்டுக்கினே படிக்கிறதுக்கு எதுனா வேணும்" என்று போனில் நச்சரித்தான். அவன் சாப்பிடும்போது படிப்பதற்காக, இன்னொருவர் சாப்பிட்ட கதையை எழுதுகிறேன்.

அவரை நான் மாமா என்பேன். சொந்தமெல்லாம் கிடையாது. என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். கடலூர் துறைமுகம் பக்கம் மீனவக் குப்பம். பாடிப் போவதில், அதாவது கபடி கபடி என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு எதிராளி பக்கம் நுழைந்து தொட்டுவிட்டு வருவதில், எங்கள் அணியில் அவர்தான் முதல் ஆள். நானும் முதல் ஆள்தான், வெளியே பெஞ்சில் உட்காருகிறவர்களில்.

மாமா சாப்பிடுவதைப் பார்க்க டிக்கெட் போடலாம். முதல் முறை பார்த்தது சிதம்பரத்தில், கீழவீதிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில். ஆட்டம் ஜெயித்துவிட்டுப் போய் உட்கார்ந்தோம். இலையில் எல்லாம் வந்து விழுகிற வரைக்கும் மாமா கை வைக்கவில்லை. சாமி கும்பிடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, பிரித்துக்கொண்டிருந்தார்.

"சோறு தொடைக்கு. மீன் வறுவல் கைப்பிடிக்கு. ரசம் மூச்சுக்கு. கீரை கண்ணுக்கு."

"அப்பளம் மாமா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அப்பளம் காதுக்கு மாமா. மொறுமொறுன்னு கேக்குதுல்ல" என்றேன்.

"துன்றப்ப வாய மூடுடா" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை என் இலையில் போட்டார். காதுக்குப் பங்கு தேவையில்லை என்று அர்த்தம். எங்கள் பயிற்சியாளர் கத்துவதையெல்லாம் அவர் எப்படியும் கேட்டதில்லை.

இந்தப் பங்கு வழக்கம் கடலில் இருந்து வந்தது. படகு கரையேறி மீன் ஏலம் போனதும் வந்ததைப் பங்கு பிரிப்பார்கள். போன ஆளுக்கு மட்டுமில்லை. படகுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. "வலை பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லாதுடா. பங்கு குடுக்கலன்னா பேசாம கிழிஞ்சிப் பூடும்" என்பார் மாமா. அவருக்கு உடம்பும் ஒரு படகுதான். இட்லி வந்தால் கெண்டைக்காலுக்கு, கடலை உருண்டை வந்தால் தோளுக்கு. ஒருமுறை கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். இது எதற்கு என்று கேட்டேன். "மனசுக்கு" என்றார்.

பிரிப்பதுதான் நிதானம். பிரித்து முடித்ததும் சாப்பிடுகிற வேகம் இருக்கிறதே, அதைக் கபடியில் காட்டியிருந்தால் யாரும் தொட்டிருக்க முடியாது. இடது கையைத் தட்டைச் சுற்றி அணை போல வைத்துக்கொள்வார். தலை நிமிராது. நாங்கள் சாம்பாரில் இருக்கும்போது அவர் கை கழுவிக்கொண்டிருப்பார். கழுவிவிட்டு வந்து, இன்னும் எதுவும் வருமா என்று சமையல்கட்டுப் பக்கம் பார்ப்பார்.

ஒருநாள் வழக்கம்போல ஓட்டினேன். "கைய எடு மாமா, யாரும் புடுங்கிக்கினு ஓட மாட்டாங்க."

யாசின் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா சிரித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அவராகவே சொன்னார்.

சுனாமி அலை வந்த பிறகு அவரும் அவருடைய அக்காவும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அம்மா அப்பா அதற்கும் ரொம்ப முன்னாலேயே போய்விட்டார்கள். வளர்த்ததெல்லாம் அக்காதான். "வந்துச்சின்னா மூணு லாரி ஒண்ணா வரும்டா. எல்லாத்துலயும் ஒரே புளிசாதம். நாய்கூட வேணாம்னு பூடும். மறுநாள் ஒண்ணும் வராது. ரோட்டப் பாத்துக்கினே நிப்போம். அக்கா மட்டும் எப்படியோ எனக்கு எங்கேர்ந்தாவது இன்னொரு பொட்டலம் கொண்டாரும். 'இருக்கும்போதே துன்னுடுடா, நாளைக்கி லாரி வருமோ வராதோ'ன்னு சொல்லும். அப்படியே பழகிடிச்சி."

லாரி நின்று வருஷக்கணக்காகிவிட்டது. வயிற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது அக்காவைச் சொல்லிவிட வேண்டும். அலுமினிய அன்னக்கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும். வாயில் எப்போதும் வெற்றிலை. குரல் எப்படி என்றால், மஞ்சக்குப்பத்தில் "வஞ்சிரம்" என்று கூப்பிட்டால் திருப்பாதிரிப்புலியூரில் எண்ணெய் காய வைப்பார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "ஒருத்தனுக்கு ஆக்கிப் போட்டே கை தேயிது, இன்னொருத்தனா?" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போகும்.

மாமாவுக்குச் சனி பிடித்தது தராசு உருவத்தில். எங்கள் பக்கம் பல போட்டிகள் எடை வைத்து நடக்கும். நாங்கள் அறுபத்தைந்து கிலோ அணி. ஆட்டத்துக்கு முன் எடை போடுவார்கள். முள் அந்தப் பக்கம் சாய்ந்தால் உள்ளே விட மாட்டார்கள். மாமாவின் முள் எப்போதும் அந்தப் பக்கம்தான் சாயும். அவர் இல்லாமல் அணி கிடையாது. அதனால் போட்டி என்றாலே மாமாவுக்குப் பட்டினி.

சோறு கிடையாது. தண்ணீர்கூடக் கிடையாது. நல்ல வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடுவார். குளிக்க வந்த ஜனங்கள் வானத்தைப் பார்ப்பார்கள். எலுமிச்சம்பழத்தை மென்று மென்று துப்புவார். ஒருமுறை திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். வேண்டுதலா என்று எல்லோரும் கேட்டார்கள். "முடிக்கும் வெயிட்டு இருக்குதுல்ல" என்று என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். அதனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எடை பார்க்க வேறு இடம் கிடையாது. துறைமுகத்தில் இறால் நிறுக்கிற மிஷினில் ஏறி நிற்பார். ஒருநாள் அதுவும் போதாமல் இடுப்பில் இருந்த அரைஞாண் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஏறினார். வெள்ளித் தாயத்து கோத்த கயிறு. அக்கா பார்த்துவிட்டது.

"ஏன்டா, அரணாக்கயித்த அவுத்துட்டு இறால் மேல ஏறி நிக்கிற? அடுத்து என்னாத்த அவுப்ப?"

"அக்கா, கிராம் கணக்குக்கா."

"கிராமா? ஒன்ன ஐஸ் போட்டு ஏத்துமதி பண்றாங்களா? எறங்குடா!"

பட்டினி நாட்களில் மாமா வேறு ஆள். சாதாரணமாக அடித்தால்கூடச் சிரிக்கிறவர். அந்த நாட்களில் நான் "டீ" என்று சொன்னதற்கு அடிக்க வந்தார். பஸ்ஸில் சில்லறை லேட்டாகக் கொடுத்த கண்டக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார். பேச்செல்லாம் சாப்பாடுதான். கடற்கரையில் உட்கார்ந்து, சுறாப்புட்டு எப்படிச் செய்வது என்று எங்களுக்கு விளக்குவார், கண்ணில் தண்ணீர் நிற்கும். கேட்ட விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவார்.

எடை போட்டு முடித்து இறங்கியதும் மறுபடி லாரி வந்துவிடும். பண்ருட்டியில் ஒரு போட்டி. எடை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிய மாமா, பிரியாணி சாப்பிட்டு, அதற்கு மேல் பலாச்சுளை சாப்பிட்டார். பண்ருட்டிக்கு வந்து பலாப்பழம் சாப்பிடாமல் போனால் சாமி குத்தமாம். பாடிப் போகிற முதல் பாட்டுக்கு எழுந்தபோது நடையைப் பார்த்த ஒரு கிழவி, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டுவிட்டாள்.

யாசின் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனும் நோன்பு மாதத்தில் பயிற்சிக்கு வருகிறவன்தான். "மாமா, நாங்களும் பட்டினி இருக்கறம். விடியறதுக்கு முன்ன சாப்ட்டு, சாயங்காலம் மஃரிபுக்கு ஒரு பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் கஞ்சின்னு மெதுவா தொறப்போம். நீங்க தொறக்கறது நோன்பா, வீராணம் ஏரி மதகா?"

மாமாவும் சிரித்தார். ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. போன தடவை ஒரு வேளை பட்டினியில் இறங்கிய எடை, இந்தத் தடவை இரண்டு நாளானாலும் இறங்கவில்லை. உடம்பு உஷாராகிவிட்டது. எப்போது இந்த ஆள் கதவைச் சாத்துவானோ என்று பயந்துபோய், கொடுக்கிறதையெல்லாம் செலவழிக்காமல் முடிந்து வைத்துக்கொண்டது. முடிந்து வைத்தது இடுப்பில். கையிலும் தொடையிலும் இருந்த சதை கரைந்து இடுப்புக்குக் குடிபோனது. தராசில் அதே எடைதான். தராசுக்கு எது சதை, எது கொழுப்பு என்று தெரியுமா? பிடியில் சிக்கியவனுக்குத் தெரியும். முன்பெல்லாம் மாமா பிடித்தால் கத்துவார்கள். இப்போது உதறிக்கொண்டு போனார்கள்.

அப்புறம்தான் பரங்கிப்பேட்டை ஆட்டம் வந்தது. யாசினுடைய ஊர். அவனுடைய சொந்தக்காரர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா அன்றைக்குக் காலையில் இருந்து எச்சில்கூட விழுங்கவில்லை. எடையில் மயிரிழையில் தப்பித்தார். முதல் பாதி எப்படியோ ஓடியது. பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாறினோம். கடைசிப் பாட்டு. மாமா உள்ளே போனார். ஒருத்தனைத் தொட்டார், இன்னொருத்தனையும் தொட்டார். மூன்றாவது ஆள் இடுப்பைப் பிடித்துச் சுழற்றினான். மாமா உதறிவிட்டு எழுந்தார். நடுக்கோடு ஓர் எட்டில் இருந்தது. தொட்டால் ஆட்டம் நம்முடையது.

மாமா திரும்பினார். ஓடினார். எதிர்ப்பக்கமாக.

முதல் பாதியில் எங்கள் இடம் எதுவோ அங்கே ஓடினார். எதிராளிகளுக்கே புரியவில்லை. வழி விட்டு நின்றார்கள். அவர்களுடைய கடைசிக் கோட்டையும் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி, "ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினார். யாசினுடைய பெரியப்பா மரியாதைக்காக எழுந்து நின்று கைகொடுத்தார்.

அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சிரித்தவர்களில் நானும் உண்டு. மாமா முகத்தைப் பார்த்தபின்தான் நிறுத்தினேன். அவர் வெட்கப்படவில்லை, பயந்திருந்தார்.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "எனக்கு அது நம்ம பக்கம்னுதான்டா தோணிச்சி. சத்தியமா. ஏன்டா அப்படித் தோணிச்சி?"

பயத்துக்குக் காரணம் இருந்தது. சிதம்பரத்தில் ஓர் ஆலையின் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று சேதி வந்திருந்தது. அணியில் இடம் கிடைத்தால் ஆலையில் நிரந்தர வேலை. மாமா ஏற்கெனவே இரண்டு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தார். வேலை வந்துவிட்டால் அக்கா தலையில் இருந்து கூடையை இறக்கி வைக்கலாம் என்பதுதான் அவர் கணக்கு. பக்கம் தெரியாமல் ஓடுகிறவனை எந்த ஆலை எடுக்கும்?

பேசாமல் இருக்க எனக்கு வராது. ஏதாவது ஓட்டினால் மாமா சிரிப்பார் என்று நினைத்தேன்.

"மாமா, தொடைக்குப் பங்கு வெச்ச, கைக்கு வெச்ச, மூச்சுக்கு ரசம் ஊத்துன. படகு, எஞ்சின், வலை எல்லாத்துக்கும் குடுத்துட்ட. தண்டலுக்கு எங்க பங்கு? அவன் பசியில தப்பான கரையில படக ஏத்திட்டான்."

தண்டல் என்றால் படகைச் செலுத்துகிற ஆள். எங்கே வலை போடுவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் அவன் தலையில்தான். மாமா சிரிக்கவில்லை. தன் மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். கடலூர் வரைக்கும் தடவிக்கொண்டே வந்தார். எனக்குக் கவலையாகிவிட்டது.

மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். "தண்டலுக்கு இன்னா குடுக்கணும்? சொல்லு."

நான் என்ன டாக்டரா? அன்றைக்குக் காலையில் பஜ்ஜி சுற்றிக் கொடுத்த பேப்பரில் மத்தி மீன் மூளைக்கு நல்லது என்று போட்டிருந்தது. அதற்கு மேல் எண்ணெய் ஊறிவிட்டதால் படிக்க முடியவில்லை. "மத்தி" என்றேன்.

அக்கா கூடையில் மத்திக்குப் பஞ்சமா? அதுவரை தம்பிக்கு முள் இல்லாத துண்டாகப் பார்த்து எடுத்து வைக்கிற அக்கா, அன்று முதல் மத்தியை வைத்தது. மத்தி முழுக்க முள். மயிர் மாதிரி முள். வேகமாகத் தின்றால் தொண்டையில் நிற்கும். இரண்டு தடவை நின்றது. அக்கா முதுகில் வைத்த அறையில் முள்ளோடு சேர்ந்து மாமாவும் வெளியே வந்துவிடுவார் போல இருந்தது.

"முள்ளப் பாத்து எடுத்துத் துன்னுடா. மீன் எங்கியும் ஓடிடாது, செத்துப்போச்சி!"

வேறு வழியில்லாமல் மாமா வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகச் சாப்பிட்டார். ஒரு வாய் சோறு, ஒரு முள். ஒரு வாய், ஒரு முள். முள் எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், தட்டைச் சுற்றி இருந்த அணையும் போய்விட்டது.

கொஞ்ச நாளில் அக்கா கலவரமாக என்னைத் தேடி வந்தது. "வந்து பாருடா. அவன் ஒடம்புக்கு என்னமோ ஆயிடிச்சி."

போய்ப் பார்த்தால் மாமா பாதித் தட்டுச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார்.

"போதும்னு தோணுதுடா" என்றார். "சோறு இருக்குது. குழம்பு இருக்குது. ஆனா போதும்னு தோணுது. ஜுரமா இருக்குமா?"

மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், கதையைக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இதுக்குப் பேரு வயிறு ரொம்பறது."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்ததில்லியே சார்?"

"வந்திருக்கும். வயித்துலேர்ந்து மூளைக்குச் சேதி போய்ச் சேர கொஞ்ச நேரம் ஆவும். நீங்க அது போறதுக்குள்ள ரெண்டாவது தட்ட முடிச்சிருப்பீங்க."

"டவுன் பஸ் மாமா, நின்னு நின்னு போவும். நீ லாரி" என்றேன். அக்கா என் தலையில் குட்டியது. ஆனால் சிரித்துக்கொண்டே குட்டியது.

அதற்குப் பிறகு பட்டினியும் இல்லை, மதகு திறப்பதும் இல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், இரண்டு முட்டை. அது தண்டல் பங்கு, எல்லாருக்கும் முன்னால் அவனுக்கு. பிறகுதான் கடற்கரை. மத்தியானம் முள்ளோடு மீன். அக்கா எதிரில் உட்கார்ந்து பரிமாறும், வெற்றிலையை மென்றுகொண்டே. போதும் என்று தோன்றினால் நிறுத்துவார். மிச்சத்தை நான் தீர்த்தேன். இன்றைக்கு என் இடுப்பில் இருப்பதில் பாதி மாமாவுடையது.

கோபம் குறைந்தது. சாவி கிடைத்தது. எல்லாவற்றையும்விட ஆச்சரியம், அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்கவில்லை, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். பிடியில் மறுபடி கத்தினார்கள். இறால் மிஷினில் ஏறினார். முள் அறுபத்தைந்தைத் தாண்டி நின்றது.

"மிஷின் கெட்டுப்போச்சிடா. சட்டை கழண்டு வுழுது, எடை ஏறுது."

"இடுப்புல இருந்தவன் தொடைக்குத் திரும்பி வந்துட்டான் மாமா. வரும்போது வெயிட்டா வந்திருக்கான்" என்றேன்.

அதற்குள் யாசினுக்கு விசா வந்து அவன் கிளம்பிவிட்டான். தேர்வுக்குச் சிதம்பரம் போனது மாமா, அக்கா, நான். விடியற்காலையிலேயே அக்கா கூழ் காய்ச்சி, முட்டை அவித்து, எனக்கும் சேர்த்துத் தூக்கில் எடுத்துக்கொண்டது. கூடவே காலிக் கூடையையும் தூக்கிக்கொண்டது. எதற்கு என்றால், மாமா ஒரு திட்டம் வைத்திருந்தார். அக்கா நம்ம பக்கம் கடைசிக் கோட்டுக்கு வெளியே கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார வேண்டும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போது, கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். குழம்பினால் அக்கா எங்கே என்று பார்த்துக்கொள்வார். அக்கா இருக்கிற பக்கம் வீடு.

என் பையில் மழைக்கோட்டு இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தேன்.

எடை போட்டார்கள். கொஞ்சம் தாண்டிவிட்டது. ரொம்பக் கொஞ்சம்.

தேர்வு செய்ய வந்தவர் நல்ல மனிதர். "ஒரு மணி நேரம் டைம் இருக்குது. ஓடி எறக்கிட்டு வா" என்றார்.

மாமா என் பையைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. ஓடினால் இறங்கும். அறுபத்தைந்து கிலோ அணியில் மாமாவுக்குச் சமமாக அன்று ஒருத்தனும் இல்லை. வேலை கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆனால் தண்ணீர் வற்றின தலையோடு மறுபடி யார் நாற்காலிகளுக்கு நடுவில் போய் நிற்பது?

"வேணாம் சார்" என்றார் மாமா. "இதுக்கு மேல எறக்கணும்னா தண்டல் பங்குல கைவெக்கணும். அத தொட மாட்டேன்."

தேர்வு செய்ய வந்தவருக்குப் புரியவில்லை. நான் விளக்கப் போனேன், மாமா தடுத்துவிட்டார்.

"அப்ப எடை பாக்காத அணிக்குத்தான் ஆடணும். அங்க ஒவ்வொருத்தனும் எரும மாதிரி இருக்கான், பரவால்லியா?"

"நான் வலை இழுக்குறவன் சார். எரும எம்மாத்திரம்?"

எம்மாத்திரம் என்று முதல் பாதியில் தெரிந்தது. மாமா இரண்டு தடவை மண்ணைக் கவ்வினார். ஆனால் எழுந்து வரும்போது கண் தெளிவாக இருந்தது. யார் எந்தக் காலை முன்னால் வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டே வந்தார். பாதி ஆட்டம். பக்கம் மாறினார்கள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடைசிப் பாட்டு. மாமா போனார். மூலையில் நின்றவனைக் காலால் தொட்டார். அடுத்த நொடி இரண்டு எருமைகள் மேலே விழுந்தார்கள். சுழற்றினார்கள். புழுதி. புழுதிக்குள்ளிருந்து மாமா தலை மட்டும் வெளியே வந்தது. நிமிர்ந்து அக்காவைத் தேடியது.

அக்கா பழைய பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கூடை மாறவே இல்லை.

மாமா அக்காவைப் பார்த்தார். ஒரு கண் சிமிட்டல் நேரம். பிறகு அக்காவுக்கு முதுகைக் காட்டி, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு, மண்ணில் நீந்தி, கையை நீட்டி, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டார்.

"அக்கா தப்பான பக்கம் ஒக்காந்திருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிச்சிடா!" ஜெயித்ததைவிட அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "தலைக்குள்ள ஒருத்தன் ஒக்காந்து, 'அது இல்ல, இது'ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சி!"

அக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தோம். "யக்கா, ஒனக்குக் குடுத்தது ஒரே வேலை. கூடையத் தூக்கிக்கினு அந்தாண்ட போறது. அதகூடப் பண்ண முடியலியா?"

"எழுந்தேன்டா. கண்ண இருட்டிக்கினு வந்துச்சி, அப்படியே ஒக்காந்துட்டேன்" என்றது அக்கா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே. சிதம்பரம் வெயில் அப்படி என்றேன் நான். மாமா ஆமாம் என்றார். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம்.

அணியில் மாமாவுக்கு முதலில் மாற்று ஆள் இடம்தான் கிடைத்தது. என் உத்தியோகம். "பெஞ்சுல எப்படி ஒக்காரணும்னு நான் சொல்லித் தரேன் மாமா" என்றேன். ஆனால் அவர் ரொம்ப நாள் உட்காரவில்லை. வேலையும் நிரந்தரமானது. இப்போது ஆலை உடுப்பில், இடுப்புப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார். இலை போட்டால் இன்றும் பிரிக்கிறார். முதல் பங்கு தண்டலுக்கு. இடது கை மடியில் இருக்கிறது. போதும் என்று தோன்றும்போது நிறுத்திவிட்டு, எங்களைப் பார்த்து, "ஜுரம் வந்துடிச்சி" என்று சொல்லிச் சிரிக்கிறார். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டது. குரலை இறக்கவில்லை. போன வாரம்கூட இரண்டு தெரு தள்ளி நின்ற என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இவ்வளவையும் எழுதி, நெட் சென்டர் பையன் கையைக் காலைப் பிடித்து டைப் அடிக்க வைத்து, யாசினுக்கு அனுப்பினேன். சிரித்துச் சிரித்துக் குப்பூஸ் புரையேறியிருக்கும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வரி பதில் வந்தது.

"எல்லாத்துக்கும் பங்கு வெச்சீங்களே, சிதம்பரம் போன அன்னைக்கிக் காலையில அக்கா சாப்ட்டுச்சான்னு யாராச்சும் கேட்டீங்களாடா?"